டன்மரியில் பிறந்த கார்

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டுக்குத் தென்மேற்கே டன்மரி என்றொரு புறநகர் இருக்கிறது. 1978 வரை அங்கே 72 ஏக்கர் ஈரப் புல்வெளி சும்மா கிடந்தது. அதன் ஒரு பக்கம் ட்வின்புரூக், கத்தோலிக்கர்களின் குடியிருப்பு. மறு பக்கம் சீமோர் ஹில், புராட்டஸ்டன்டுகளின் குடியிருப்பு. 1969-ல் மூண்ட கலவரம் ஓயாமல் ஒன்பதாண்டுகள் ஓடியிருந்தன. குண்டு வெடிக்கிற ஊரில் பணம் போட முதலாளிகள் தயங்கினார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்து, ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்கிப் பார்க்காமலே இருபத்தைந்தைத் தொட்ட இளைஞர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

அந்தப் புல்வெளியில்தான் உலகம் இன்றும் மறக்காத ஒரு கார் பிறந்தது. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் போர்த்திய உடல், பறவை சிறகு விரிப்பதுபோல மேலே திறக்கும் கதவுகள். 1985-ல் வந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் காலத்தைத் தாண்டிப் பறக்கும் வண்டி அதுதான். படம் வெளிவந்தபோது அந்தக் காரைச் செய்த நிறுவனம் செத்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணம் ஏறத்தாழ 8 கோடி பவுண்டு அதோடு போய்விட்டது. யார் குற்றம் என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் அடங்கவில்லை. பதில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முடிவிலிருந்து தொடங்குகிறார்கள்: ஹோட்டல் அறை, கொக்கைன் பெட்டி, கைவிலங்கு. நான் பிறப்பிலிருந்து தொடங்க விரும்புகிறேன். இந்த நிறுவனத்தைக் கொன்ற நோய் அது பிறந்தபோதே அதன் உடம்பில் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜான் டிலோரியன் 1925-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பா ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்து ஃபோர்டு வார்ப்பாலையில் உழைத்தவர். மகன் பொறியியல் படித்து, ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் சேர்ந்தார். சாதாரண நடுத்தரக் காருக்குள் பெரிய இன்ஜினைப் பொருத்திய பான்டியாக் ஜி.டி.ஓ. 1964-ல் வந்தது. இளைஞர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். நாற்பது வயதில் பான்டியாக்கின் தலைவர், பிறகு ஷெவர்லேயின் தலைவர், 1972-ல் நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர். சாம்பல் நிறக் கோட்டு அணிந்த அதிகாரிகள் நடுவே நீண்ட முடி, விலகிய சட்டைக் காலர், நடிகைகளோடு நட்பு என்று வலம் வந்தார். 1973-ல் அந்த வேலையை உதறினார். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் நாற்காலிக்கே வரக்கூடியவர் என்று பேசப்பட்ட மனிதர் சொந்தக் கார் செய்யக் கிளம்பியது அமெரிக்காவில் பெரிய செய்தி.

1975 அக்டோபரில் டிலோரியன் மோட்டார் கம்பெனி பதிவானது. ஆரம்பக் கனவு நல்ல கனவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொருமுறை முகத்தை மாற்றிப் பழையதைக் குப்பையாக்கும் டெட்ராய்ட் வழக்கத்துக்கு எதிராக, நெடுநாள் உழைக்கிற, துருப்பிடிக்காத, விபத்தில் ஆளைக் காக்கிற ஒரு வண்டி. பான்டியாக்கிலிருந்து வந்த பில் காலின்ஸ் தலைமைப் பொறியாளர். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜூஜாரோ. விலை 12,000 டாலர் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டதால் டி.எம்.சி.-12 என்று பெயர். 1976-ல் முதல் மாதிரி வண்டி தயார். அதில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், அச்சுக்கு முன்னால் இருந்தது. உடலின் அடிப்பகுதியை எடை குறைந்த புதுவகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கக் காலின்ஸ் முயன்றுகொண்டிருந்தார். ஒன்று இரண்டு வண்டிகள் ஓடின. ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து விற்கக்கூடிய வண்டியாக அது இன்னும் ஆகவில்லை. அதற்குள் பணம் தேடும் படலம் தொடங்கிவிட்டது.

டிலோரியன் தன் கையிலிருந்து போட்டது சொற்பம். தொலைக்காட்சிப் புகழ் ஜானி கார்சன் 5 லட்சம் டாலர் தந்தார், பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் தந்தார், வரிச்சலுகை தேடிய பணக்காரர்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து 1.87 கோடி டாலர் தந்தார்கள். ஒரு தொழிற்சாலைக்கு அது போதாது. வேலையில்லாத் திண்டாட்டம் எங்கே அதிகமோ அங்கே அரசாங்கம் அள்ளிக் கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஊர் ஊராகப் போனார். புவெர்ட்டோ ரிக்கோவில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் ஆலை வைப்பதாகப் பேச்சு முற்றி, கையெழுத்து ஒன்றே பாக்கி என்ற நிலை. அயர்லாந்துக் குடியரசின் தொழில் வளர்ச்சி ஆணையத்திடமும் போனார். அந்த ஆணையம் கணக்கைப் புரட்டிப் பார்த்தது, கேள்விகள் கேட்டது, ஆபத்து அதிகம் என்று கைவிட்டது. அந்த ஊரிலும் வேலையில்லாதவர்கள் இருந்தார்கள், வேலை கொடுக்க வேண்டிய அரசியல் நெருக்கடி அவர்களுக்கும் இருந்தது. இருந்தும் மறுத்தார்கள். யார் குற்றம் என்று பேசும்போது இந்த மறுப்பை மறக்கவே கூடாது. முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாது என்று பின்னாளில் சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

டப்ளின் மறுத்ததும் டிலோரியன் எல்லை தாண்டி வடக்கே வந்தார். அங்கே லண்டனின் பிரதிநிதியாக இருந்தவர் ராய் மேசன், ஜேம்ஸ் காலகனின் தொழிற்கட்சி அரசில் வட அயர்லாந்து அமைச்சர். யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்து அரசியலுக்கு வந்தவர். வேலை இல்லாத தெரு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர். வேலையும் சம்பளமும் கிடைத்தால் இளைஞன் துப்பாக்கி எடுக்க மாட்டான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். மேற்கு பெல்ஃபாஸ்டில் இரண்டாயிரம் பேருக்கு வேலை என்றால் அது ராணுவம் செய்ய முடியாத காரியம். நல்ல நோக்கம் கையில் இருக்கும்போதுதான் கண் அதிகமாகத் திறந்திருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சு தொடங்கி ஏறத்தாழ 45 நாள்களில் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு புதிய காரை வரைபடத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவர அனுபவமுள்ள நிறுவனங்களுக்கே நான்கைந்து ஆண்டுகள் ஆகும் காலம் அது. இதுவரை ஒரு காரும் விற்காத ஒரு நிறுவனத்துக்கு, கார்த் தொழிலே பழகாத ஊரில், ஐந்து கோடிக்கு மேல் பவுண்டு தருவது என்று ஒன்றரை மாதத்தில் முடிவெடுத்தார்கள். அரசே அமர்த்திய ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி, அவகாசமே இல்லாமல் பார்த்துவிட்டு, மிகமிக ஆபத்தான முயற்சி, திட்டமிட்டபடி நடக்க வாய்ப்பு குறைவு என்றே எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தைப் படித்த பிறகுதான் 1978 ஜூலை 28-ல் கையெழுத்துப் போட்டார்கள். அவசரக் கோலம் அள்ளித் தெளித்தாயிற்று.

ஒப்பந்தம் எப்படிக் கட்டப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் மானியம், கொஞ்சம் கடன், கொஞ்சம் பங்கு முதலீடு. வட அயர்லாந்து வளர்ச்சி முகமை பணத்தைக் கொடுத்தது, பெல்ஃபாஸ்டில் அமைந்த கிளை நிறுவனத்தில் இரண்டு இயக்குநர்களை நியமித்துக்கொண்டது. ஆனால் நிர்வாகக் கடிவாளம் டிலோரியன் கையிலேயே இருந்தது. காரை வாங்கி விற்கிற தாய் நிறுவனம் நியூயார்க்கில், பார்க் அவென்யூவில் 43-ஆம் மாடியில் இருந்தது. அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை பணம் கொடுத்தவர்களுக்கு இல்லை. எத்தனை பேருக்கு வேலை என்பது பத்திரத்தில் இருந்தது. ஒவ்வொரு காருக்கும் அரசுக்கு வரவேண்டிய உரிமத் தொகை எவ்வளவு என்பதும் இருந்தது. ஆண்டுக்கு 30,000 கார் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய இந்தக் காரை அத்தனை பேர் வாங்குவார்களா என்ற கேள்விக்கு மட்டும் பொறுப்பேற்றவர் யாரும் இல்லை. அரசு வேலைவாய்ப்பை விலைக்கு வாங்கியது. காரைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. கார் விற்றால்தான் வேலை நிலைக்கும் என்பது ஒரு பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த செய்தி.

அக்டோபர் 2-ல் டன்மரியில் முதல் மண் வெட்டினார்கள். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 1-ல், இன்னொரு கையெழுத்து நடந்தது. அது ஜெனீவாவில்.

மாதிரி வண்டியை உற்பத்திக்கு ஏற்றதாக மாற்ற இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை டிலோரியன் பிடித்தார். அதன் தலைவர் காலின் சாப்மன், பந்தயக் கார் உலகில் மேதை என்று கொண்டாடப்பட்டவர். வேலையைச் செய்யப்போவது நார்ஃபோக்கில் ஹெத்தல் என்ற ஊரில் உள்ள லோட்டஸ். ஆனால் பணம் போகவேண்டிய இடம் ஜி.பி.டி. சர்வீசஸ் என்ற நிறுவனம் என்று பத்திரம் சொன்னது. பனாமாவில் பதிவு, ஜெனீவாவில் ஒரு தபால் பெட்டி. அதற்குப் பட்டறையும் இல்லை, பொறியாளரும் இல்லை. அமெரிக்க முதலீட்டாளர்கள் தந்த பணத்திலிருந்து 1.25 கோடி டாலர், பெல்ஃபாஸ்டுக்கு அரசு தந்த பணத்திலிருந்து 51.5 லட்சம் டாலர், ஆக 1 கோடியே 76 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அந்தத் தபால் பெட்டிக்குள் போனது. ஹெத்தலில் லோட்டஸ் செய்த உண்மையான வேலைக்குப் பெல்ஃபாஸ்ட் தனியாக, இன்னொரு முறை, லோட்டஸுக்கே பணம் கட்டியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் இரண்டு நாடுகளின் மக்களுடையது.

ஆலைக்கு அஸ்திவாரம் காய்வதற்குள் திருட்டு நடந்துவிட்டது என்பதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். டாலர் மதிப்பு, பொருளாதார மந்தம், பனிக்காலம் என்று பிறகு சொல்லப்பட்ட எந்தக் காரணமும் அப்போது தலைகாட்டவில்லை. தணிக்கையாளர்களான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தின் முன்னால் இந்தக் கணக்கு இருந்தது. அரசு நியமித்த இயக்குநர்கள் உட்கார்ந்த மேசைக்கு எதிரே இருந்தது. யாராவது ஒருவர் ஜெனீவாவுக்கு ரயிலேறிப் போய் அந்த முகவரியின் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

ஹெத்தலில் வேலை தலைதெறிக்க நடந்தது. காலின்ஸ் ஆண்டுக்கணக்கில் யோசித்த அடிப்பகுதி தூக்கி எறியப்பட்டது. லோட்டஸ் எஸ்ப்ரிட் காரில் இருந்ததுபோல முதுகெலும்பு வடிவ எஃகுச் சட்டம் வந்தது. அதன்மேல் கண்ணாடியிழை உடல், அதன்மேல் எஃகுத் தகடு. பிரெஞ்சு நிறுவனங்களும் வால்வோவும் சேர்ந்து செய்த 2.85 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் வண்டியின் பின்கோடிக்குப் போனது. எடை பின்னால் குவிந்தது, வண்டி கனத்தது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டு விதிக்காக இன்ஜினை அடக்கியபோது 130 குதிரைத்திறன்தான் தேறியது. பார்க்க ராக்கெட், ஓட்டக் குடும்பக் கார். காலின்ஸ் 1979-ல் வெளியேறினார். காரைக் கருத்தரித்த மனிதர் இல்லாமலே அது உருவானது. காரில் அவருடைய பழைய எண்ணங்களில் எஞ்சியது எஃகும் கதவும்தான். இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத இழப்பு அவருடையது.

டன்மரியில் நடந்ததோ அதிசயம். 6.6 லட்சம் சதுர அடி ஆலை ஏறத்தாழ 16 மாதங்களில் எழுந்தது. ஒரு வாசல் ட்வின்புரூக்கைப் பார்த்து, ஒரு வாசல் சீமோர் ஹில்லைப் பார்த்து. மதத்துக்கு ஒரு வாசல் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதின. அது வீட்டுக்குப் போகும் வழியின் வசதிதான். உள்ளே ஒரே வரிசையில் நின்று ஒரே கதவை இரண்டு தரப்பாரும் சேர்ந்து தூக்கி மாட்டினார்கள். உச்சகட்டத்தில் 2,600 பேர். பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் சம்பளம். எதிரெதிர்த் தெருக்காரர்கள் அங்கே நண்பர்கள் ஆனார்கள், மதம் மாறிய காதல்கள்கூட நடந்தன என்று அங்கே உழைத்தவர்கள் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மேசன் நம்பியது ஆலைக்குள் உண்மையாயிற்று. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். தோற்றுப்போக வேண்டிய யோசனை இல்லை அது.

1981 மே மாதம் ட்வின்புரூக் பையன் பாபி சாண்ட்ஸ் சிறையில் 66 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்தார். சுற்றுவட்டாரம் பற்றி எரிந்தது. ஆலை வளாகத்தில் வரைபடங்கள் வைத்திருந்த தற்காலிக அலுவலகங்கள் பெட்ரோல் குண்டில் கருகின. அப்படியும் மறுநாள்களில் இரண்டு வாசல் வழியாகவும் ஆள்கள் வேலைக்கு வந்தார்கள்.

முதல் உற்பத்திக் கார்கள் 1981 ஜனவரியில் வெளியே வந்தன. குறைகள் இருந்தன. கதவு சரியாகப் பொருந்தவில்லை, தண்ணீர் இறங்கியது, பூட்டு சிக்கி உள்ளே இருந்தவர் மாட்டிக்கொண்டார், மின்னாக்கி போதாமல் பேட்டரி செத்தது. அமெரிக்காவில் இறங்கிய வண்டிகளை விற்பனையாளரிடம் அனுப்புமுன் பிரித்துச் சரிசெய்யத் தனி மையங்கள் வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் பிறகும் பலர் சுலபமாக ஒரு பெயரைக் கை காட்டினார்கள்: அனுபவமில்லாத பெல்ஃபாஸ்ட் தொழிலாளி. இதை நான் ஏற்க மாட்டேன். போதாத மின்னாக்கியைத் தேர்ந்தவர் தொழிலாளி இல்லை. வண்டியைச் சோதித்துத் திருத்த வேண்டிய இரண்டு மூன்று ஆண்டுகளைச் சுருட்டி எறிந்தவர் அவர் இல்லை. கதவைத் தூக்கும் முறுக்குக் கம்பியை விமான நிறுவனமான கிரம்மன் உறைகுளிரில் பதப்படுத்திக் கொடுத்தது. அத்தனை நுட்பமான கதவை மாட்டும் பொறுப்பை, நேற்றுவரை ஸ்பேனர் பிடிக்காத கையில் கொடுத்தார்கள். மாதங்கள் போகப் போக அந்தக் கைகள் கற்றன, பின்னால் வந்த வண்டிகள் மேம்பட்டன. அதே டன்மரி ஆலைக்கு 1989-ல் பிரெஞ்சு நிறுவனமான மோன்டுபே வந்தது. மற்ற கார் நிறுவனங்களுக்கு வேண்டிய அலுமினிய சிலிண்டர் ஹெட்களை அங்கே வார்த்து, கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே தொழில் நடத்தியது. அந்த ஊரில் வேலை தெரியாது என்று சொன்னவர்களுக்கு அந்த ஆலை பதில் சொல்லிவிட்டது.

விற்பனை விஷயத்துக்கு வருகிறேன். 12,000 டாலருக்கு என்று தொடங்கிய கார் 25,000 டாலருக்குக் கடைக்கு வந்தது. அதைவிட வேகமான ஷெவர்லே கார்வெட் 16,000 சொச்சத்துக்குக் கிடைத்தது. விலை ஏறியதில் ஒரு பங்கு பிரிட்டிஷ் அரசுக்கே உண்டு. 1978-ல் ஒப்பந்தம் போட்டபோது ஒரு பவுண்டு 1.9 டாலர் அளவில் இருந்தது. 1979 மேயில் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். விலைவாசியை அடக்க வட்டியை 17 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். வட கடல் எண்ணெயும் சேர்ந்துகொள்ள, 1980 முடிவில் பவுண்டு 2.40 டாலரைத் தொட்டது. செலவெல்லாம் பவுண்டில், வரவெல்லாம் டாலரில். லண்டனில் ஒரு துறை ஆலைக்குப் பணம் ஊற்றியது, இன்னொரு துறையின் கொள்கை அதை உறிஞ்சியது.

தாட்சர் அரசு செய்ததில் எனக்கு ஆறாத மனக்குறை உண்டு. இந்தத் திட்டத்தில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. முந்தைய ஆட்சியின் பிள்ளை என்று வெறுத்தார்கள். அப்படியானால் 1979-லேயே கணக்கைக் கேட்டு, நிபந்தனை போட்டு, நிர்வாகத்தைக் கையில் எடுத்திருக்க வேண்டும், இல்லை முடித்துவிட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. 1980 ஆகஸ்டில் இன்னும் 1.4 கோடி பவுண்டு கடன் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டும் உதவினார்கள், அப்போதும் ஜெனீவா விஷயத்தைக் கேட்கவில்லை. 1981 அக்டோபரில் டிலோரியனின் முன்னாள் செயலாளர் ஆவணங்களோடு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போனார். விவகாரம் பத்திரிகைகளில் வெடித்தது, காவல்துறை விசாரித்தது, குற்றத்துக்கு முகாந்திரம் இல்லை என்று சில நாள்களில் மூடிவிட்டார்கள். முதல் ஆட்சி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது, இரண்டாம் ஆட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தது.

அந்த இலையுதிர் காலத்தில் டிலோரியன் உற்பத்தியை இரட்டிப்பாக்கினார், ஒரு நாளைக்கு 80 கார். அமெரிக்காவில் வங்கி வட்டி வரலாறு காணாத உயரத்தில், கார் விற்பனை பல்லாண்டுகளில் இல்லாத பள்ளத்தில். ஆசைப்பட்ட முதல் வரிசை ஆள்கள் கூடுதல் விலைகூடக் கொடுத்து வாங்கி முடித்திருந்தார்கள். இரண்டாவது வரிசை இல்லவே இல்லை. அதே சமயம் நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் விற்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நடந்திருந்தால் டிலோரியன் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். பங்கு விற்பனைக்கு முன் ஆலை பரபரப்பாகத் தெரிவது அவருக்கு லாபம். ஊரிலோ நூற்றுக்கணக்கில் புதிதாக ஆள் எடுத்தார்கள். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. ஆண்டு முடிவில் 7,000-க்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன, விற்றவை 3,000 அளவே. மிச்சம் துறைமுகங்களிலும் விற்பனையாளர் முற்றங்களிலும் பனியில் நின்றன.

1982 ஜனவரியில் இன்னும் கோடிகள் வேண்டும் என்று கேட்டு வந்தார். புதிய வட அயர்லாந்து அமைச்சர் ஜேம்ஸ் பிரையர் மறுத்தார். அந்த மறுப்பு சரிதான், மூன்றாண்டு தாமதம் என்பதுதான் குறை. பிப்ரவரி 19-ல் சொத்துக் காப்பாளர்களாகக் கென்னத் கார்க்கும் பால் ஷூவெல்லும் வந்தார்கள். வாங்க ஆள் தேடினார்கள். கிடைக்கவில்லை. அக்டோபரில் ஆலையை நிரந்தரமாக மூடும் முடிவு வந்தது. அதே நேரத்தில், 19-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் அறையில் டிலோரியன் கைதானார். 2.4 கோடி டாலர் கொக்கைன் கடத்தலுக்குச் சதி செய்தார் என்பது வழக்கு. படம் பிடித்த ஒளிநாடா உலகமெங்கும் ஓடியது. 1984 ஆகஸ்டில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள், அரசு உளவாளியே அவரை வலையில் இழுத்தார் என்ற வாதம் வென்றது.

ஆனால் அந்த ஒளிநாடா செய்த கெடுதல் வேறு. அதைப் பார்த்த மக்கள் மனதில், ஒரு போதைக் கடத்தல்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று கதை முடிந்துவிட்டது. கொக்கைனுக்கும் டன்மரி மூடப்பட்டதற்கும் தொடர்பே இல்லை, ஆலை அதற்கு முன்பே செத்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்தக் கைவிலங்கு பெரிய நிம்மதி தந்திருக்கும். மோசடிக்காரன் எங்கும் இருப்பான், எப்போதும் இருப்பான். அவன் வந்து கேட்பான் என்று தெரிந்துதான் பொதுப்பணத்துக்குக் காவலாளிகளை வைத்திருக்கிறோம். டிலோரியன் பேராசைக்காரர், சாப்மன் அதைவிட மோசம். ஆனால் குற்றத்தில் பெரும்பங்கை நான் கொடுப்பது, கதவைத் திறந்து வைத்து, சாவியையும் கொடுத்து, கணக்குக் கேட்கும் உரிமையைத் தாங்களே விட்டுக்கொடுத்தவர்களுக்குத்தான். அயர்லாந்துக் குடியரசுக்கு முடிந்தது அவர்களுக்கும் முடிந்திருக்கும்.

வேலை கொடுக்க அரசு பணம் போட்டதே தவறு என்று இந்தத் தோல்வியைக் காட்டிப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 8 கோடி பவுண்டை 2,600 வேலையால் வகுத்தால் ஒரு வேலைக்கு முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் வருகிறது, அதுவும் இரண்டே ஆண்டுகள் நீடித்த வேலைக்கு. அந்தக் கணக்கு கசப்பானதுதான். ஆனால் அதே பணத்தைத் தவணை தவணையாக, வண்டி சோதனையில் தேறினால் இவ்வளவு, ஆர்டர் கையில் வந்தால் இவ்வளவு என்று கொடுத்திருந்தால், ஜெனீவாவில் போனது 1978-லேயே பிடிபட்டிருக்கும்.

நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1984-ல் அறிக்கை தந்தது. பல்லாண்டுகளில் நடந்த மிகக் கொடிய பொதுப்பண விரயங்களில் ஒன்று என்று அது தீர்ப்புச் சொன்னது. சாப்மனைக் கேட்க வழியில்லை, ஆலை மூடிய இரண்டு மாதத்தில் 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பால் இறந்துவிட்டார். ஜி.பி.டி. பணத்தில் பெரும்பகுதியைச் சொந்தத்துக்கு எடுத்துக்கொண்டதாக டிலோரியன் மேல் டெட்ராய்ட்டில் வழக்கு நடந்தது. 1986-ல் அதிலும் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். பிரிட்டனில் அவர்மேல் பிடி ஆணை இருந்தது, அவர் அந்தப் பக்கம் போகவில்லை. 2005-ல் அமெரிக்காவிலேயே இறந்தார். மொத்தக் கூட்டத்தில் சிறைக்குப் போனவர் ஒருவர் மட்டும்: லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஃபிரெட் புஷெல். 1992-ல் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்றாண்டு சிறையும் பெரும் அபராதமும். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்தாண்டு கொடுத்திருப்பேன் என்றார் நீதிபதி.

தணிக்கையாளர்கள்மேல் பிரிட்டிஷ் அரசு நியூயார்க்கில் வழக்குப் போட்டது, ஆர்தர் ஆண்டர்சனுக்கு அரசு வேலை எதுவும் கிடையாது என்று தடையும் விதித்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 1997-ல் மறுபடி தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு, அந்த நிறுவனம் கொடுத்த ஒரு தொகையோடு வழக்கு சமரசமாகி, தடையும் நீங்கியது. அதே கேள்வியைக் கேட்காமல் விட்ட அமைச்சர்களும் அதிகாரிகளும், இரண்டு கட்சியைச் சேர்ந்தவர்களும், எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை, யாரும் இதற்காகப் பதவி இழக்கவுமில்லை.